கம்பளியில் ஒரு வள்ளம்

அக்கா,

நேற்று மத்தியானம் கம்ப்யூட்டர் சென்டரில் பிரிண்டர் பேப்பரின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் ஓட்டை ஓட்டையாக நீளமாய் ஒரு நாடா வருமே, அதை. யாருடையதோ கல்யாண அழைப்பிதழ், பிழை பார்க்க எடுத்த பிரதி. ரிப்பன் புதிதாக மாற்றியிருந்தோம். சூடேறிய மை வாசனை, கொஞ்சம் மண்ணெண்ணெய் போல, கொஞ்சம் பள்ளிக்கூடத்துப் பேனா போல. அது மூக்கில் ஏறியதும் எனக்குக் கை ஓடவில்லை.

அந்த நாடாவை நான் குப்பையில் போடப் போகும்போதெல்லாம் "களையாத மக்கா, இஞ்ச தா" என்று கையை நீட்டுவீர்கள். சின்னச் சின்னத் துண்டாக்கி, பின்னல் ஊசியில் கண்ணிகளுக்கு நடுவே அடையாளமாக மாட்டுவீர்கள். ஓட்டை ஏற்கெனவே இருக்கிறதே, அதனால்.

சென்டர் நடத்துகிற அண்ணன் நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளே, ஷாக் அடிச்சுதா?" என்றார். இல்லை என்றேன். நாடாவைக் குப்பையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. இந்த நான்கு மாதத்தில் முகம் தெரியாத எத்தனையோ பேருக்கு ஈமெயில் அடித்துவிட்டேன். உங்களிடம் சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் யாரிடமும் எழுதவில்லை. நான் உங்களிடம் ஒரு பொய் சொன்னேன் அக்கா. நம் இரண்டு பேருக்கும் நடுவில் பொய்யே கூடாது என்று நீங்கள் கேட்டு வாங்கிய சத்தியத்துக்கு அப்புறம், சொல்லவே கூடாத இடத்தில் சொன்ன பொய்.

முதல் நாள் நீங்கள் பாறசாலை ஜங்ஷனில் எங்கள் சென்டருக்கு வந்தது ஜெராக்ஸ் எடுக்க. கையில் நாலாக மடித்த ஒரு காகிதம். மடிப்பெல்லாம் பிய்ந்து, பசை நாடா ஒட்டி, அந்த நாடாவும் பழுத்துப் போயிருந்தது. உள்ளே முழுக்கக் கட்டம், கட்டத்துக்குள் புள்ளியும் கோடும். "இத பெருசாக்கித் தரணும் அண்ணாச்சி. எனக்க கண்ணுக்கு எத்தல்ல" என்றீர்கள். ஜெராக்ஸ் மிஷினில் பெரிதாக்கியபோது கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கரியாக வந்தன. அண்ணன் கையை விரித்துவிட்டார்.

நான் எட்டிப் பார்த்தேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கம்ப்யூட்டரை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. மெனுவில் இருக்கிற ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்து, இரண்டு முறை எல்லாவற்றையும் அழித்துத் திட்டு வாங்கி, தானாகப் படித்தவள். கணக்குப் போடுகிற அந்த புரோகிராமைத் திறந்தால் திரை முழுக்கக் கட்டம்தானே! "அக்கா, இத நான் கம்ப்யூட்டர்ல போட்டுத் தாறேன்! எவ்வளவு பெருசு வேணும்னாலும் ஆக்கலாம், செவுரு அளவு வேணும்னாலும் ஆக்கலாம்!" என்று கத்தியேவிட்டேன்.

"செவுரு வேண்டாம் மக்கா. மடில வச்சு பாக்குத அளவு இருந்தா போதும்."

அது ஸ்வெட்டர் பின்னுவதற்கான சார்ட் என்று தெரிந்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்த வேக்காட்டில் ஸ்வெட்டர்! அண்ணனும் சேர்ந்துகொண்டார். "பாறசாலைல பனி விழுதுன்னு பேப்பர்ல போட்டிருந்தானா?" நீங்கள் கோபப்படவில்லை. "எனக்க ஆளு நிக்குத இடத்துல விழுதுண்டு அண்ணாச்சி. காப்பி ஊத்துனா குடிக்கதுக்குள்ள கட்டியாவுமாம்."

உங்கள் ஆள் பட்டாளத்தில் இருந்தார். ஆறு வருடம் அவரோடு வடக்கே குவார்ட்டர்ஸில் இருந்தீர்கள். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரி பின்னல் கற்றுக் கொடுத்தாள், அந்தக் காகிதமும் அவள் கொடுத்தது. குடும்பத்தைக் கொண்டுபோக முடியாத பனிமலைக்கு அவரை மாற்றியதும், ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கம்பளி நூலோடு குளத்தூரில் அவருடைய வீட்டுக்கு வந்துவிட்டீர்கள்.

அந்தச் சார்ட்டைப் போட எனக்கு மூன்று நாள் ஆனது. சந்தோஷத்தில், கேட்காமலேயே நானாக ஒரு இருதயமும் வரைந்து கொடுத்தேன். நீங்கள் பின்னிக்கொண்டு வந்து காட்டியபோது உங்கள் மாமியாரும் கூட வந்திருந்தார். "இது என்ன மக்கா, லாரி ஏறுன தக்காளியா?" என்று கேட்டார் மாமி. இருதயம் அப்படித்தான் அமுங்கிக் கிடந்தது! பின்னலில் ஒரு கண்ணி உயரத்தைவிட அகலம் கூடுதல். நான் போட்ட கட்டமோ நாலு பக்கமும் சமம். ஏழு வரி உயரமும் ஐந்து கண்ணி அகலமும் ஒரே அளவு என்று நீங்கள் ஸ்கேல் வைத்துக் காட்டினீர்கள். நான் கட்டங்களை அகலப்படுத்தினேன். அடுத்த இருதயம் இருதயமாகவே வந்தது. அன்று இரண்டு பேரும் பஸ் ஸ்டாப்பில் நின்று சிரித்த சிரிப்புக்கு, ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்கப்புறம் ஞாயிறுதோறும் நீங்கள் கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் நான் குளத்தூர் வந்துவிடுவேன். காற்றாடிக்கு நேர் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கை வேர்க்காமல் இருக்கப் பவுடர் பூசிக்கொண்டு பின்னுவீர்கள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து யாராவது எட்டிப் பார்த்து, "கம்பிளிக்க கூட ஒரு ஹீட்டரும் வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நேர்க் கண்ணிக்கு சீதா, மறுகண்ணிக்கு உல்டா. பஞ்சாபிக்காரி சொன்ன அதே பெயர்கள். சீதா மட்டமாக விழும், உல்டா புடைத்து நிற்கும், படம் தெரிவது அந்த மேட்டில்தான். நீங்கள் முணுமுணுப்பதைக் கேட்டு மாமி, "நாள் முழுக்க சீதா சீதாங்குதியே, ஆருடி அவ?" என்று வம்புக்கு இழுப்பார். சார்ட்டைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும் என்று நான் தெரிந்துகொண்டதே அங்கே வைத்துத்தான். பின்னல் கீழிருந்துதானே வளர்கிறது.

ஊசியை மட்டும் நான் பிடிக்கவே இல்லை. "ஒரு நாளாவது பிடிச்சுப் பாரு மக்கா. கம்ப்யூட்டர்ல கை வேர்க்காது கேட்டியா" என்பீர்கள். எனக்கு எதற்கு அது என்று நினைத்தேன். எனக்குக் கட்டம் தெரியும், அது போதும் என்று நினைத்தேன். அந்த நினைப்பை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அப்போதே உங்களுக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. ஒரு நாள் என் கையைப் பிடித்து உட்காரவைத்தீர்கள். "தப்பு வந்தா இப்பம் எனக்க கண்ணுல படாது. நீ பாத்து சொல்லணும். பாவம்னு ஒளிக்கப்பிடாது. சத்தியம் செய்." செய்தேன். அடுத்த வாரமே சோதனை வந்தது. ஒரு பிள்ளைச் சட்டை, இருபத்தாறு வரி முடித்திருந்தீர்கள். மூன்றாவது வரியில் ஒரு கண்ணி மாறியிருந்தது. யாருக்கும் தெரியாது, அவ்வளவு சின்னது. சொன்னேன். நீங்கள் உடனே ஊசியை உருவிவிட்டு நூலை இழுத்தீர்கள். சரசரவென்று இருபத்து நான்கு வரியும் பிரிந்து மடியில் விழுந்தது. நான்தான் அலறினேன்.

"அய்யோ, அக்கா! வெளியே தெரியாதுல்லா!"

"தப்புன்னு தெரிஞ்சப் பொறவு அதுக்க மேல எப்படிடி பின்ன?"

நூலைச் சுருட்டும்போது நீங்கள் பாட்டுகூட முணுமுணுத்தீர்கள். நான் உங்கள் பைத்தியமானது அன்றைக்குத்தான்.

திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் தலைக்குள் ஒரு கட்டி என்றார்கள். அது கண்ணுக்குப் போகும் நரம்பை நெருக்குகிறது என்றார்கள். மாத்திரையில் பார்ப்போம், இல்லையென்றால் ஆபரேஷன் என்றார்கள். நீங்கள் அதை என்னிடம் பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னீர்கள். நான் செய்ய முடிந்தது ஒன்றுதான், கட்டங்களைப் பெரிதாக்கினேன். ஒரு பக்கத்தில் இருந்த சார்ட் நாலு பக்கமானது. அப்புறம் ஒன்பது பக்கம், பசை போட்டு ஒட்டி உங்கள் சுவரில் தொங்கவிட்டோம். கடைசியில் சுவர் அளவுக்கே வந்துவிட்டது, அக்கா. நான் முதல் நாள் கத்தியது போலவே. அப்போது நாம் சிரிக்கவில்லை.

சுவரில் இருந்ததும் தெரியாமல் போய்விட்ட அந்த வாரம் நீங்கள் பின்னாமல் சும்மா இருந்தீர்கள். மடியில் கை. மாமி என்னை வாசலுக்குக் கூட்டிப் போய், "எதாவது செய் மக்கா, அவ பேசுததும் இல்ல, ஏசுததும் இல்ல. எனக்கு மனசு வெப்ராளமாட்டு இருக்கு" என்றார்.

அன்று ராத்திரி தூங்காமல் எனக்கு அந்த யோசனை வந்தது. சார்ட்டைப் பார்க்க வேண்டாமே, கேட்கலாமே! ஒவ்வொரு வரியையும் வார்த்தையாக மாற்றிக் கேசட்டில் பேசிப் பதிந்துவிட்டால்? "வரி அஞ்சு. சீதா நாலு, உல்டா ரெண்டு, சீதா நாலு." ஒரு வரி முடிந்ததும் நிறுத்தும் பொத்தானை அமுக்கிக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கான வரியைக் கையால் எழுதினால் தப்பு வரும் என்று, பேசிக் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு புரோகிராம் எழுதினேன். கட்டத்தைக் கொடுத்தால் வரிவரியாக எழுதித் தரும். துணியைத் திருப்பிப் பின்னும் வரிகளில் சீதா உல்டாவாகவும் உல்டா சீதாவாகவும் மாற வேண்டும், இல்லையா? அதைக்கூட மறக்காமல் சேர்த்திருந்தேன். அந்தப் பெருமையில் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை!

வைரம் வந்தது. சிலுவை வந்தது. இருதயம் வந்தது. உங்கள் விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "எடி, நீ எனக்கு கண்ணு செய்து தந்துட்டியேடி" என்றீர்கள். என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படி ஒன்று சொன்னதில்லை.

ஆபரேஷன் தேதி குறித்தார்கள். உங்கள் ஆளுக்கு லீவு கிடைத்துவிட்டது. அவர் வருவதற்குள் அவருக்கு ஒரு ஸ்வெட்டர், உங்கள் சொந்தப் படத்தோடு, முடிந்திருக்க வேண்டும் என்றீர்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஆபரேஷனுக்கு அப்புறம் என்ன ஆகும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்.

படம் ஒரு வள்ளம். உங்கள் பிறந்த வீடு பொழியூர், கடலைப் பார்த்த வீடு. "அவரு நிக்குத இடத்துல தண்ணியே கட்டியாக்கும். ஒரு வள்ளமாவது போவட்டு" என்றீர்கள். உங்களால் வரைய முடியாதே. பாயை விரித்து, பாயின் பின்னல் கட்டத்தில் புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவி வைத்தீர்கள். அடிப்பக்கம் வளைந்து, ஒரு முனை மட்டும் தூக்கி, அந்த முனையில் ஒரு கொம்பு. நாற்பது வரி உயரம். "முனை வலப்பக்கம்தான் பாக்கணும். கரை அந்தப் பக்கமாக்கும். வெளிய போற வள்ளம் வேண்டாம், வீட்டுக்கு வாறதா இருக்கணும்." மாமி நடந்து கலைத்துவிடக் கூடாது என்று கதவைச் சாத்தி வைத்துவிட்டு, நான் தரையில் குப்புறப் படுத்து கொட்டைகளை எண்ணி எண்ணி நோட்டில் குறித்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டரில் போட்டேன். புரோகிராமில் ஓட்டினேன். கேசட்டில் பேசினேன். முதுகும் கையும் வெறுமனே சீதாதான், அவற்றை ஏற்கெனவே முடித்திருந்தீர்கள். முன்பக்கம்தான் பாக்கி. எனக்குப் பரீட்சை தொடங்கியது. "மூணு வாரம் இஞ்ச வரண்டாம். படி. நானும் கேசட்டும் பாத்துக்கிடுதோம்" என்றீர்கள். போவதற்கு முன் நான் இன்னொரு காரியமும் செய்தேன். சென்டரில் இன்டர்நெட் வந்திருந்தது அல்லவா? உலகம் முழுக்க இருக்கிற பின்னல்காரர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் ஒரு மெயில் கூட்டத்தில் நான் சேர்ந்திருந்தேன். அவர்களுக்கு உங்கள் வள்ளத்தை வரிவரியாக அனுப்பினேன். 'என் அக்கா கண் தெரியாமல் புளியங்கொட்டையில் வரைந்தது!' என்று ஆச்சரியக்குறி மூன்று போட்டேன்.

கடைசிப் பரீட்சை முடிந்த மத்தியானமே சென்டருக்கு ஓடினேன். மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தி, ஒருவழியாக லைன் கிடைத்து, ஒரு பதில் வந்திருந்தது. பனி விழும் ஏதோ ஊரில் இருக்கிற ஒருத்தி. அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: அழகான எண்ணம், ஆசையாகப் பின்னிப் பார்த்தேன், ஆனால் திரும்பி வரும் வரிகளை இடப்பக்கத்திலிருந்து எழுத நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது, என் வள்ளம் இரண்டு பக்கமும் போகிறது. பக்கத்தில் ஒரு சிரிப்புக் குறி.

எனக்கு முதலில் புரியவில்லை. ஒரு காகிதத்தில் வரிவரியாக அம்புக்குறி போட்டுப் பார்த்தேன். ஒரு வரி வலமிருந்து இடம் போகும். துணியைத் திருப்பியதும் அடுத்த வரி இடமிருந்து வலம் வரும். சார்ட்டைக் கண்ணால் பார்த்துப் பின்னுகிறவர்களுக்கு இது தானாக நடக்கும், ஊசி போகிற பக்கம் கண்ணும் போகும். வார்த்தையாக்கும்போது அதை நான்தான் திருப்பியிருக்க வேண்டும். என் புரோகிராம் எல்லா வரியையும் வலமிருந்தே படித்தது. வைரத்தை எந்தப் பக்கமிருந்து படித்தாலும் வைரம். சிலுவையும் அப்படி, இருதயமும் அப்படி. அதனால் தப்பு வெளியே வரவே இல்லை. ஒரு பக்கம் மட்டும் முனை உள்ள படத்தை நான் ஒருமுறைகூடச் சோதித்துப் பார்க்கவில்லை. கண் தெரிந்து ஊசி பிடித்த எந்தக் குழந்தையும் சில வரியிலேயே கண்டுபிடித்திருக்கும்.

திருத்துவதற்கு அரை நிமிடம் ஆனது. ஒரே ஒரு வரி.

குளத்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். நீங்கள் ஒருவேளை பாதியில் இருப்பீர்கள் என்று வேண்டிக்கொண்டே வந்தேன். நீங்கள் முடித்து, கையையும் உடம்பையும் சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தீர்கள்.

"வந்தியா மக்கா. பரீட்ச எப்படி?"

"கொள்ளாம் அக்கா, நல்லா எழுதிருக்கேன்."

"இன்னா பாரு."

மடியில் விரித்துப் பார்த்தேன். அடிப்பக்கம் மட்டும், இரண்டு பக்கமும் ஒன்றுபோல என்பதால், சரியாக வளைந்திருந்தது. அதற்கு மேலே இரண்டு ஓரமும் சீப்புப் பல் போல. ஒரு வரியில் முனை வலப்பக்கம், அடுத்த வரியில் இடப்பக்கம். கொம்பு இரண்டு இடத்தில் பாதிப் பாதியாக, விட்டுவிட்டுப் புள்ளியாக நின்றது. வள்ளம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மேடு பள்ளமாக ஏதோ ஒன்று.

மாமி அடுக்களை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆபரேஷனுக்கு ஒன்பது நாள். கேசட்டை நிறுத்தி நிறுத்தி முன்பக்கம் பின்ன உங்களுக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது. சொன்னால் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ஊசியை உருவிவிட்டு நூலை இழுப்பீர்கள். அப்புறம் அவர் வரும்போது உங்கள் மடியில் ஒரு நூலுருண்டைதான் இருக்கும்.

"ஒண்ணும் பேசல்லியே" என்றீர்கள்.

"பாத்துட்டு இருக்கேன் அக்கா."

"வள்ளம் வள்ளம் மாதிரி இருக்கா?"

"அப்படியே இருக்கு."

"முனை?"

"கரையப் பாத்துதான் நிக்குது."

நீங்கள் கையை நீட்டி வாங்கிக்கொண்டீர்கள். ஆள்காட்டி விரல் வள்ளத்தின் அடியில் தொடங்கி மெதுவாக மேலே ஏறியது. இடது ஓரத்தில், எதுவுமே இருக்கக் கூடாத இடத்தில், அது நின்றது. பிறகு, "நீ சொன்னா சரி" என்று மடித்து வைத்தீர்கள். மாமி காப்பி கொண்டு வந்தார். நான் குடித்தேன்.

ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள். இடையில் கண் திறக்கவே இல்லை என்றார்கள். அடக்க ஆராதனையில் நான் பின் வரிசையில் நின்றேன். மாமி மட்டும் என்னைக் கண்டுபிடித்து, கையைப் பிடித்து, "அவளுக்க பக்கத்துல வா மக்கா" என்று கூட்டிப் போனார். உங்கள் விரல்களை அசையாமல் பார்த்தது அன்றைக்குத்தான் முதல்முறை.

மூன்று வாரம் கழித்து உங்கள் ஆள் திரும்பிப் போகிற நாள். ரயில் நேரத்துக்கு முன்னால் அவரைப் பார்த்துவிட வேண்டும் என்று வந்தேன். அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். ஸ்வெட்டர் மேலாக இருந்தது.

"இது என்ன படம் பிள்ளே? வள்ளம்னு சொன்னா. எனக்கு பிடி கிட்டல்ல."

சொல்லிவிட்டேன். எல்லாம். கேசட், போகிற வரி, வருகிற வரி, பரீட்சை, அந்த மெயில், எல்லாம். தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் நகத்தால் ஸ்வெட்டரின் வரிகளை ஒன்று விட்டு ஒன்றாக எண்ணிப் பார்த்தார். "ஆமா. ஒண்ணு விட்டு ஒண்ணு பாத்தா வள்ளம் உண்டு" என்றார். பிறகு கேட்டார்.

"அவ ஒனக்கிட்ட கேட்டாளா, எப்படி இருக்குன்னு?"

"கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"அப்படியே இருக்குன்னு."

அவர் ஸ்வெட்டரைக் கீழே வைத்தார். "எனக்கிட்டயும் கேட்டா. ஆபரேஷனுக்கு முந்தின நாளு, ஆஸ்பத்திரில வச்சு. வள்ளம் வள்ளம் மாதிரி இருக்கான்னு. நானும் அதத்தான் சொன்னேன். எனக்கு என்ன தெரியும், எப்படி இருக்கணும்னு."

"அதுக்கு அக்கா என்ன சொன்னாங்க?"

"சுவரப் பாத்து திரும்பிப் படுத்துட்டா."

நான் அழுதேன். யாரிடமாவது கொடுத்து முன்பக்கத்தை மட்டும் சரி செய்து தரவா என்று கேட்டேன். "வேண்டாம் பிள்ளே. அங்க உள்ள குளிருக்கு படம் தெரியாது" என்றார். கோபமாகச் சொன்னாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. பெட்டியை மூடினார். மாமி சோற்றுப் பொதி கொண்டு வந்தார். ஆட்டோ வந்தது.

அதிலிருந்து எனக்குள் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் பொய் சொன்னது கூட இல்லை, அக்கா. நீங்கள் இன்னொருவரிடம் கேட்டீர்கள். என் வார்த்தை போதும் என்றிருந்தவர், அதற்கு மேல் யாரிடமும் எதுவும் கேட்காதவர், ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து இரண்டாவது ஆளிடம் கேட்டீர்கள். உங்கள் விரலுக்குத் தெரிந்ததை உங்களிடம் சொல்ல ஒரே ஒரு ஆளாவது இருக்கிறாரா என்று தேடியிருக்கிறீர்கள். எங்கள் இருவரில் ஒருவரும் சொல்லவில்லை.

நான் உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். ஒன்பது நாள் உங்களுக்கு நிம்மதி கொடுத்ததாக நினைத்தேன். உண்மையில் அந்த ஒன்பது நாளும் நீங்கள் அந்தத் தப்போடு தனியாக இருந்திருக்கிறீர்கள். அது உங்கள் கையின் தப்பா, தலைக்குள் இருந்த கட்டியின் தப்பா, உங்கள் விரலே உங்களை ஏமாற்றுகிறதா என்று தெரியாமல். கண் போன பிறகு உங்களிடம் மிச்சம் இருந்தது அந்த விரல்தான். அதையும் நம்ப முடியாமல் போகச் செய்தது நான்.

அதனால் நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன்.

இல்ல அக்கா. வள்ளம் மாதிரி இல்ல. நாப்பது வரியில பதினேழு வரி தப்பு. ஒங்க விரலு பிடிச்சது சரிதான். தப்பு எனக்கதாக்கும்.